காட்பாடிக் குளத்துப் பயிற்சியை நிறுத்தாதீர்கள்: ஸ்கூபா பயிற்சி மைய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

வேலூரில் ஆள் சேர்த்து, காட்பாடி நீச்சல் குளத்தில் பயிற்றுவித்து, புதுச்சேரிக் கடலில் சான்றிதழ் வழங்கிவரும் ஸ்கூபா (சிலிண்டர் காற்றைச் சுவாசித்து நீருக்கடியில் முக்குளிப்பது) பயிற்சி மையத்தின் நிர்வாகத்தாருக்கும் பயிற்றுநர்களுக்கும்:

வரும் பருவம் முதல் காட்பாடிக் குளத்துப் பயிற்சியை அடியோடு நிறுத்துவதென்று நீங்கள் எடுத்த முடிவு, பழைய மாணவர்களாகிய எங்களுக்குச் சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. பாடங்களை அவரவர் செல்பேசியில் படித்துக்கொள்ள வேண்டும், குளத்தில் செய்துவந்த பயிற்சிகளைச் சனிக்கிழமை காலையில் கடலிலேயே முடித்துவிடலாம், ஞாயிறு மாலைக்குள் ஓப்பன் வாட்டர் எனும் முதல் முக்குளிப்புச் சான்றிதழ் உறுதி என்கிறது அந்த அறிவிப்பு. சான்றிதழ் பெற்றவர்கள் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதற்காக மாதம் ஒருமுறை நடந்த மாலை வகுப்பும் இதோடு கைவிடப்படுகிறது. அதற்கு நீங்கள் சொல்லும் காரணம், "கோர்ஸ் முடித்தவர்களுக்கு மேற்கொண்டு கற்றுக்கொள்ளும் ஆர்வம் இல்லை" என்பது. முடிவை மட்டும் அறிவித்திருந்தால் நேரில் வந்து பேசியிருப்பேன். எங்கள் ஆர்வத்தின் மீது பழியைப் போட்டு அறிவித்திருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இருபதாண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் கற்பித்துவரும் பள்ளி ஆசிரியை. ஒரு மாணவருக்கு ஆர்வமே இல்லை என்று சக ஆசிரியர் எவரேனும் சொன்னால், அவருக்கு என்ன கற்பித்தோம், அவர் போட்ட கணக்கை எப்படித் திருத்தினோம், எந்தப் படியில் தவறினார் என்று எப்போதாவது சுட்டிக்காட்டினோமா என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வோம். அந்தக் கேள்விகளையே உங்கள் முன்னும் வைக்கிறேன். ஸ்கூபா கற்ற ஒருவர் தன் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்ப வேண்டுமானால், தனக்கு இன்னும் என்ன வரவில்லை என்பது அவருக்குத் தெரிய வேண்டும். நன்றாக முக்குளிப்பது என்றால் எப்படி இருக்கும் என்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்கவும் வேண்டும். உங்கள் பயிற்சி இவ்விரண்டையும் எங்களுக்குத் தரவில்லை. எல்லாம் வந்துவிட்டது என்று கையெழுத்திட்டு அனுப்பிவைத்துவிட்டு, ஏன் திரும்ப வரவில்லை என்று எங்களைக் கேட்பதில் நியாயம் இல்லை.

குளத்தில் நடந்ததை உள்ளபடியே சொல்கிறேன். இடுப்பில் ஈயக்கட்டிகள் கோத்த பெல்ட்டும் முதுகில் சிலிண்டருமாக எங்களை வரிசையாகக் குளத்தின் தரையில் முழங்காலிட வைத்தார் பயிற்றுநர். முகமூடிக்குள் நீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றுவது, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து மீண்டும் பொருத்துவது, பக்கத்தில் இருப்பவரின் மாற்று ரெகுலேட்டரில் சுவாசிப்பது என்று ஒவ்வொன்றையும் ஒருவர்பின் ஒருவராகச் செய்தோம். ஒருமுறை செய்து முடித்ததும் விரல்களை வட்டமாக்கிச் சரி என்று காட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார். தரையைவிட்டு யாரும் எழும்பிவிடக் கூடாது என்பதற்காகவே தேவைக்கு அதிகமான ஈயம் கட்டப்பட்டிருந்தது. எனக்குக் கட்டிய அதே எடையை என்னைவிட மிகவும் பருமனான ஒருவருக்கும் கட்டினார்கள். யாருக்கு எவ்வளவு எடை தேவை என்பதைக் கண்டறிய ஒரு முறை இருக்கிறது என்பதே எங்களில் எவருக்கும் அப்போது தெரியாது.

கடலில் யாரும் முழங்காலிட்டு முக்குளிப்பதில்லை. காலுக்குக் கீழே இன்னும் பத்து மீட்டர் ஆழம் இருக்க, நடுநீரில் முகமூடிக்குள் நீர் புகுந்தால், அதை வெளியேற்றும் அந்த நேரத்தில் மேலேயும் எழும்பாமல் கீழேயும் இறங்காமல் நிற்கத் தெரிய வேண்டும். தரையில் முழங்காலிட்டுச் செய்தபோது இந்த இரண்டாவது பாதி எங்களிடம் கேட்கப்படவே இல்லை. நீங்கள் சான்றிதழ் வழங்குவது 'பாடி' (PADI) என்ற பன்னாட்டு முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் பெயரில். அந்த அமைப்பின் விதிப்படி ஒரு திறனில் தேர்ச்சி என்றால், அதைப் பதற்றமின்றியும் தடங்கலின்றியும் செய்வதோடு, கேட்கும்போதெல்லாம் திரும்பச் செய்துகாட்டவும் இயல வேண்டும். 2013-14இல் ஓப்பன் வாட்டர் பாடத்திட்டத்தைத் திருத்தியபோது மிதப்புக் கட்டுப்பாட்டுக்கு அவர்கள் முன்னைவிடக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். ஏட்டில் உள்ள விதி நல்ல விதிதான். அது காட்பாடிக் குளத்துத் தரை வரை வந்து சேரவில்லை.

அதன் விளைவைப் புதுச்சேரியில் பார்த்தேன். என்னோடு பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர், நிதானமான மனிதர். கரையிலிருந்து வெகுதூரம் படகில் போய் இறங்கினோம். நீர் கலங்கலாக இருந்தது; பயிற்றுநருக்குப் பின்னால் எட்டுப் பேராகப் போனோம். ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் என்பது விதி அனுமதிக்கும் உச்ச அளவு. கடலின் நிலையைப் பார்த்து அந்த எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே விதிதான் சொல்கிறது. வரிசையின் கடைசியில் இருப்பவர் முதலில் போகிறவருக்குத் தெரியாத கலங்கல் நீரில் எட்டுப் பேரை ஒருவர் எப்படிக் கண்காணிக்க முடியும்? நண்பரின் முகமூடிக்குள் நீர் ஏறியது. மூக்கில் நீர் புகுந்ததும் பதறிப்போய், மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் அணியும் ஜாக்கெட்டுக்குள் காற்றை நிரப்பும் பொத்தானை அழுத்திவிட்டார். அடுத்த சில நொடிகளில் மேற்பரப்பில் இருந்தார். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இருமடங்காக விரியப் பார்க்கும். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சை அடக்கியபடி மேலேறினாலே நுரையீரல் கிழியக்கூடும். அவர் அலறிக்கொண்டே மேலேறியதால் காற்று வாய்வழியே வெளியேறிவிட்டது. அவர் பிழைத்தது அதனால்தான். கற்ற பயிற்சி அங்கே கைகொடுக்கவில்லை. படகில் இருந்தவர், "ஒன்னும் இல்ல சார், ஃபர்ஸ்ட் டைம் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்" என்று தேற்றினார். நடுநீரில் முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்ற அவருக்கு மறுபடி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுநாள் மாலை மற்றவர்களோடு அவருக்கும் சான்றிதழ் கிடைத்தது. அதன்பிறகு அவர் கடலுக்கே வரவில்லை. உங்கள் கணக்கில் அவர் ஆர்வம் இல்லாதவர்.

காற்றுக் கணக்கையும் நாங்கள் சான்றிதழ் வாங்கிய பிறகு நாங்களாகவே கற்றுக்கொண்டோம். நாங்கள் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று உங்கள் விளம்பரப் பலகை இன்றும் சொல்கிறது. அதைத் திருத்துவது நல்லது. ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ மேற்பரப்பில் உள்ள காற்றழுத்தம்) காற்றை அடைத்தால், மேற்பரப்புக் கணக்கில் 2200 லிட்டர். அவசரத்துக்கென 50 பாரை ஒதுக்கினால் மிஞ்சுவது 1650 லிட்டர். அமைதியாகச் சுவாசிக்கும் ஒருவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் போதும் என்று வைத்துக்கொண்டால், மூன்று மடங்கு அழுத்தமுள்ள 20 மீட்டர் ஆழத்தில் 45 லிட்டர் செலவாகும். அதாவது 36 நிமிடம் தாக்குப்பிடிக்கும். பதறிப்போய் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பவருக்கு அதே சிலிண்டர் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கணக்கு இது. எங்களுக்குச் சொல்லப்பட்டதோ, "மீட்டர்ல முள்ளு சிவப்புக்கு வந்தா கை காட்டுங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்பது மட்டுமே. 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை முக்குளிப்போர் பாதுகாப்புக்கான 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். தொடக்கக் காரணத்தைக் கண்டறிய முடிந்தவற்றில் 41 விழுக்காட்டில் அது காற்றுப் போதாமை. சொல்லிக்கொடுத்தால் தவிர்க்கக்கூடிய காரணம் இது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆர்வம் எங்கே பிறக்கிறது என்பதற்கும் என்னிடம் சான்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்தமானில், ஸ்வராஜ் தீவில், வேறொரு பயிற்றுநரோடு இறங்கும் வாய்ப்பு வந்தது. படகிலிருந்து குதித்ததும் அவர் எங்களை எங்கும் அழைத்துப் போகவில்லை. மேற்பரப்பிலேயே நிறுத்தி, ஜாக்கெட்டில் இருந்த காற்றை முழுவதும் வெளியேற்றச் சொன்னார். இயல்பாக மூச்சிழுத்து நிற்கும்போது கண் மட்டத்துக்கு நீர் வர வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். அந்த அளவுக்குத்தான் ஈயம் தேவை என்று விளக்கினார். நிரம்பிய சிலிண்டருக்குள் இருக்கும் காற்றுக்கே இரண்டரைக் கிலோ எடை உண்டு என்பதால், காற்றுத் தீர்ந்துவரும் கடைசி நிமிடங்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்றார். நான் வழக்கமாகக் கட்டிக்கொண்டிருந்த எடையில் பெரும்பகுதி கழன்றது. தேவைக்கு மேல் கட்டும் ஒவ்வொரு கிலோவையும் ஈடுகட்ட ஜாக்கெட்டுக்குள் ஏறத்தாழ ஒரு லிட்டர் காற்று கூடுதலாக வேண்டியிருக்கிறது. அந்தக் காற்று ஆழத்துக்கு ஏற்பச் சுருங்கியும் விரிந்தும் நம்மை ஓயாமல் மேலும் கீழும் இழுக்கிறது. இடுப்பு கனத்து உடல் செங்குத்தாக நிற்பதால் காலில் மாட்டிய துடுப்பான ஃபின்ஸ் மணலையும் பவளத்தையும் உதைக்கிறது. ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் பாறைப் பவளங்கள் உண்டு; ஒரு கால் உதையில் உடைவது பல ஆண்டு வளர்ச்சி. அன்று முதன்முறையாக உடல் கிடைமட்டமாக நின்றது, மூச்சை இழுத்தால் சற்றே உயர்ந்து விட்டால் சற்றே தாழ்ந்தது, காற்றும் முன்னைவிட நெடுநேரம் வந்தது. கரையேறியதும் அவரிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு அளவே இல்லை. என்னுடைய ஆர்வம் நான் வேலூரிலிருந்து மூட்டையில் கட்டிக்கொண்டு போனதல்ல. ஒருவர் என் குறையைக் காட்டி, அதைத் திருத்தும் வழியையும் காட்டியபோது அந்த இடத்தில் பிறந்தது.

நீங்கள் தரும் அட்டை என்ன சொல்கிறது என்பதையும் இங்கே பேசியாக வேண்டும். பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ., பொழுதுபோக்கு முக்குளிப்போரை 24801 என்ற தரத்தில் மூன்று நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் நிலையில் இருப்பவர் வழிகாட்டியின் நேரடிக் கண்காணிப்பில் 12 மீட்டர் வரை இறங்கலாம். இரண்டாம் நிலையில் இருப்பவர் தம்மையொத்த இணையோடு, கண்காணிப்பின்றித் தாமே திட்டமிட்டு 20 மீட்டர் வரை இறங்கத் தகுதியுடையவர். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் இந்த இரண்டாம் நிலைக்கு உரியது. உங்களிடம் அந்தச் சான்றிதழ் பெற்றவர்களில் எத்தனை பேர் ஒரேயொரு முக்குளிப்பையாவது தாமே திட்டமிட்டிருக்கிறார்கள்? எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எத்தனை பாரில் திரும்புவது, இணை பிரிந்தால் என்ன செய்வது என்று எங்களை ஒருபோதும் எழுதவைத்ததில்லை. வழிகாட்டியின் ஃபின்ஸைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஸ்கூபா. கையில் இருப்பது இரண்டாம் நிலை அட்டை, தேர்ச்சியோ முதல் நிலை. அடுத்த சான்றிதழான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டரின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. முதல் சான்றிதழுக்குக் கடலில் நான்கு முக்குளிப்பு, அதற்கு மேல் ஐந்து. ஆக வாழ்நாளில் ஒன்பதே முறை கடலில் இறங்கிய ஒருவர் 30 மீட்டர் வரை செல்லத் தகுதியானவர் என்ற அட்டையைப் பெற முடியும். அழுத்தமேறிய நைட்ரஜனால் போதை ஏறியதுபோல் அறிவு மங்கும் நைட்ரஜன் மயக்கம் பலருக்கும் தலைகாட்டத் தொடங்கும் ஆழம் அது. விதி இதை அனுமதிக்கிறது என்பதை அறிவேன். அனுமதிக்கப்பட்ட கீழ் எல்லையையே நீங்கள் வழக்கமாக்கி, "ஒரே டிரிப்பில் ரெண்டு சர்டிபிகேட்" என்று விளம்பரம் செய்யும்போது, இதற்குமேல் கற்க ஒன்றும் இல்லை என்ற எண்ணத்தை மாணவர் மனத்தில் நீங்களே விதைக்கிறீர்கள்.

முக்குளித்து முடித்துப் படகேறியதும் எங்களுக்குக் கிடைப்பது "சூப்பர்" என்ற ஒரு சொல்லும், அன்று மாலைக்குள் வந்துவிடும் வீடியோவும். ஆழத்தைக் காக்க முடிந்ததா, ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குள் இருந்ததா, மேலேறி முடிக்கும் முன் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும்போது கயிற்றைப் பிடிக்காமல் நிற்க முடிந்ததா, இணையை எத்தனை முறை திரும்பிப் பார்த்தோம் என்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. வேலூரில் செவிலியராக இருக்கும் ஒரு தங்கை, முகமூடியை முழுவதும் கழற்றி மாட்டும் பயிற்சியை இன்னொரு முறை செய்துபார்க்கிறேன் என்று தானாக முன்வந்து கேட்டார். "நேரம் இல்லை மேடம், படகு கிளம்பணும். நீங்கதான் பாஸ் ஆயிட்டீங்களே" என்பது பதில். இரவுப் பணி முடித்து, தூங்காமல் பேருந்தேறி, ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் என்று பயணித்து வந்து, இன்னொரு முறை செய்கிறேன் என்று கேட்டவரைப் பார்த்தா ஆர்வம் இல்லை என்கிறீர்கள்?

இனி குளத்தைப் பற்றி. எங்கள் பகுதியில் கடல் இல்லை. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு வெள்ளம் போனதை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால், நீர் எங்களுக்கு எவ்வளவு அரிது என்பது விளங்கும். கடற்கரையில் வாழ்பவர் ஓய்வுநாளில் போய்ப் பழகிவிட முடியும். எங்களுக்கு அது விடுப்பும் செலவும் பயணமும் சேர்ந்து ஆண்டில் அரிதாக வாய்ப்பது. அப்படிப்பட்ட ஊரில் கைப்பழக்கத்தைக் காத்துக்கொள்ள இருந்த ஒரே இடம் அந்தக் குளம். பிரிட்டனில் 1953இல் தொடங்கிய சப்-ஆக்வா என்ற முக்குளிப்போர் சங்கத்தின் கிளைகள் கடலிலிருந்து தொலைவில் உள்ள ஊர்களிலும் உள்ளூர் நீச்சல் குளத்தில் வார நாள் மாலைகளில் கூடித்தான் பழகிவருகின்றன. கடலுக்குப் போவது அவர்களுக்கும் எப்போதாவதுதான். நாங்களும் அப்படி வளர்ந்திருக்க முடியும்.

குளத்துப் பயிற்சியைக் கடலிலேயே செய்துவிடலாம் என்பது எழுத்தளவில் சரி. குளத்தைப்போல் அமைதியும் தெளிவும் ஆழக்குறைவும் உள்ள நீர்நிலை எதுவானாலும் போதும் என்றுதான் விதி சொல்கிறது. அலை ஓயாமல் மோதும் நம் கிழக்குக் கரையில், கலங்கிய நீரில், முதன்முதலாக நீருக்கடியில் மூச்சுவிடப் போகும் ஒருவருக்கு அந்த அமைதியையும் தெளிவையும் எங்கிருந்து கொண்டுவந்து தருவீர்கள்? எங்கள் ஊர்க் கிணறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் பெரியவர்கள் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்குவார்கள். பிள்ளை கரை தொட்டுக் கரை போய்வருவதைப் பலமுறை பார்த்து, தண்ணீரில் அதன் முகம் தெளிந்த பிறகுதான் கயிறு அவிழும். பொழுது சாய்ந்துவிட்டது என்பதற்காக எவரும் அவிழ்ப்பதில்லை. உங்கள் புதிய ஏற்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை என்பது முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிட்டது. கற்றாலும் கற்காவிட்டாலும் அன்று அட்டை வந்துவிடும் என்றால், தேர்வு நடக்கும் முன்பே முடிவை எழுதிவிட்டீர்கள்.

நேர்முக வகுப்பை எடுத்துவிட்டுச் செல்பேசிப் பாடத்தை மட்டும் நம்புவதில் உள்ள ஆபத்துக்கு எங்கள் ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. அடுத்தடுத்துப் பலமுறை முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பரிந்துரை. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், அழுத்தம் குறையும் இடத்துக்கு விரைந்து சென்றால் குமிழாக வெளிப்படும் என்பதே காரணம். 2000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தும். செல்பேசிப் பாடத்தில் விமானத்தின் படம் இருக்கிறது. விமானமே ஏறாத எங்களவர்கள் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் ஏலகிரி 1000 மீட்டருக்கு மேல், பெங்களூரு 900 மீட்டருக்கு மேல். ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து வந்து பயிற்சி பெற்று, பெங்களூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஞாயிறு பிற்பகல் கடைசி முக்குளிப்பை முடித்துவிட்டு அன்றிரவே காரில் ஓசூர் ஏற்றம் ஏறுகிறார்கள். அவர்களை உட்காரவைத்து, நீங்கள் எந்த வழியாக வீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். எந்தச் செயலியும் அதைக் கேட்காது.

பயிற்றுநர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் சிலர் என்னிடம் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்றுதான் அவர்களுக்கு ஊதியம். ஒரு மாணவரைத் தேர்ச்சி பெறவில்லை என்று நிறுத்தினால் அவருக்காகச் செலவிடும் கூடுதல் நாளுக்குக் கூலி கிடையாது, நிர்வாகத்திடம் கெட்ட பெயரும் சேரும். நன்றாகக் கற்பிப்பவருக்கு நட்டமும் விரைந்து கையெழுத்திடுபவருக்கு ஆதாயமும் கிடைக்கும் ஏற்பாட்டில், நல்ல பயிற்றுநர் எத்தனை நாள் நல்லவராக நீடிப்பார்? கேமரா வாங்குவதற்கு முன் மிதப்பைப் பழகு என்று மாணவரிடம் சொல்லும் துணிவுள்ளவர்கள் உங்களிடம் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சொல்லும்படி விடுங்கள். மாதாந்திர மாலை வகுப்புக்கு ஆள் வரவில்லை என்பதும் முழு உண்மை அன்று. என்ன கற்பிக்கப்போகிறீர்கள் என்று எந்த மாதமும் முன்கூட்டி அறிவித்ததில்லை. வந்தவர்களுக்குச் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு, பயிற்றுநர் குளக்கரையில் அமர்ந்து புதிய சேர்க்கைக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த மாலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்.

காட்பாடிக் குளத்துப் பயிற்சியை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். வாடகை கட்டுப்படியாகவில்லை என்றால் கட்டணத்தை உயர்த்துங்கள். எதற்காக உயர்த்துகிறீர்கள் என்று சொன்னால் கொடுப்பதற்கு எங்களில் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். குளத்தில் முதல் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எடைச் சோதனை செய்யுங்கள். கடல் நீர் அடர்த்தி மிகுந்தது என்பதால் புதுச்சேரியில் அதை மறுபடியும் செய்யுங்கள். முழங்காலிட்டுச் செய்யும் பயிற்சி தொடக்கத்துக்கு மட்டும் இருக்கட்டும். எந்தத் திறனுக்கும் மாணவர் தரையைத் தொடாமல் நடுநீரில் நின்று, ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்துகாட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். காற்றுக் கணக்கையும் முக்குளிப்புத் திட்டத்தையும் ஒவ்வொரு மாணவரும் தாளில் எழுதிக் காட்டிய பிறகே படகேற்றுங்கள். வீடு திரும்பும் வழியும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

ஞாயிறு மாலைக்குள் சான்றிதழ் உறுதி என்ற வாசகத்தை விளம்பரத்திலிருந்து நீக்குங்கள். தேர்ச்சி பெறாதவரிடம் எது வரவில்லை என்பதை எழுத்தில் கொடுத்து, அதை மட்டும் மீண்டும் பழகக் கூடுதல் கட்டணமின்றி ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அந்த நாளுக்குப் பயிற்றுநருக்கு முறையான ஊதியம் கொடுங்கள். நீர் கலங்கியிருக்கும் நாள்களில் ஒரு பயிற்றுநருக்கு நான்கு மாணவருக்கு மேல் அனுப்பாதீர்கள். ஓப்பன் வாட்டர் முடித்த கையோடு அட்வான்ஸ்டு சேர்க்கையை நீங்களாகப் பரிந்துரைப்பதை நிறுத்துங்கள். ஆண்டு இடைவெளிவிட்டு வருபவரைக் குளத்தில் ஒரு மறுபயிற்சி செய்யவைத்த பிறகே கடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாதாந்திர மாலை வகுப்பை, இந்த மாதம் மிதப்பு, அடுத்த மாதம் காற்றைப் பகிர்தல், அதற்கடுத்த மாதம் திசைகாட்டி என்று பொருளை முன்கூட்டி அறிவித்து, ஓராண்டுக்கு மட்டுமாவது நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் பயிற்றுநர் ஒவ்வொருவரிடமும், எது நன்றாக இருந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று இரண்டு வரி சொல்லட்டும். இராணிப்பேட்டை நண்பருக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, முதல் வகுப்புக்கு அவரை அழையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதத்தில் நீங்கள் புதிய சேர்க்கையைத் தொடங்கும் முன், இக்கோரிக்கைகள் ஒவ்வொன்றுக்கும் ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்பதையும், மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். அப்பதிலைப் புதிதாகச் சேர வருபவர்கள் பார்க்கும் வகையில் உங்கள் அலுவலகத்தில் ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
தங்களிடம் பயிற்சி பெற்ற கணித ஆசிரியை,
காட்பாடி.